முதியோர் உதவித்தொகை: மனு போடும் முன்பும் போட்ட பின்பும்

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகைக்கு மனு போடுவது பெரிய வேலை இல்லை. இ-சேவை மையத்தில் நம் முறை வந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். மனு நிற்குமா, தள்ளுபடியாகுமா என்பது வேறு இரண்டு இடங்களில் முடிவாகிறது. ஒன்று, வீட்டுப் பெட்டியில் இருக்கும் காகிதங்கள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகின்றனவா என்பது. இன்னொன்று, கிராம நிர்வாக அலுவலர் வந்து கேட்கும்போது வாசலில் நடக்கும் பேச்சு. இந்த இரண்டையும் கவனிக்காமல் மனுவை மட்டும் போட்டுவிட்டு, பிறகு அலைபவர்கள்தான் அதிகம். அதனால் இந்தக் கட்டுரையில் படிவத்தைப் பற்றிக் கொஞ்சமும், மற்றதைப் பற்றி நிறையவும் எழுதுகிறேன். பெரும்பாலும் மனு போடுவது முதியவர் அல்ல. மகளோ, பேரனோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோதான். அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

எவ்வளவு, யார் தருவது

ஊரில் ‘ஓ.ஏ.பி.’ என்றும் ‘முதியோர் பணம்’ என்றும் சொல்வது, காகிதத்தில் இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம். தமிழ்நாட்டில் 1962லேயே மாதம் 20 ரூபாயில் முதியோர் ஓய்வூதியம் தொடங்கிவிட்டது. மத்திய அரசு 1995இல்தான் தேசிய சமூக உதவித் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2011இல் இங்கே தொகை 500இலிருந்து 1000 ஆனது. 2023 ஆகஸ்ட் முதல் 1200 ஆனது. இதில் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை வெறும் 200 ரூபாய், 80 வயதைத் தாண்டினால் 500. மீதி மாநில அரசின் பணம். கேட்டால் சிலர் டெல்லி கொடுக்கிறது என்பார்கள், சிலர் சென்னை கொடுக்கிறது என்பார்கள். இரண்டும் சேர்ந்துதான் வருகிறது. மத்தியப் பங்கு இத்தனை ஆண்டுகளாக அந்த 200இலேயே நிற்பது வெட்கக்கேடு. சரி, அது வேறு கதை.

மனு போடும் முன்பே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் என்பது ஒரே திட்டம் இல்லை. வருவாய்த் துறையின் கீழே பல திட்டங்கள் இருக்கின்றன. முதியோருக்கு ஒன்று, ஆதரவற்ற விதவைகளுக்கு ஒன்று, கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு ஒன்று, 50 வயதைக் கடந்தும் திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கு ஒன்று, மாற்றுத்திறனாளிகளுக்கு ஒன்று, முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் ஒன்று. அகதிகளாக வந்து இங்கே வாழும் இலங்கைத் தமிழர்களுக்கும் தனியாக உண்டு. ஒருவர் இவற்றில் ஒன்றைத்தான் வாங்க முடியும். நல வாரியத்தில் உறுப்பினராக இருந்து அங்கே ஓய்வூதியம் வாங்கும் கட்டுமானத் தொழிலாளிக்கும் இது இரண்டாவதாகக் கிடைக்காது.

எந்தக் கதவைத் தட்டுவது என்பதில்தான் புத்தி வேண்டும். 57 வயதில் கணவரை இழந்த அம்மாவுக்கு 60 ஆகட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. விதவை ஓய்வூதியத்துக்கு இப்போதே மனு போடலாம். இரண்டரை ஏக்கருக்குள் நஞ்சையோ ஐந்து ஏக்கருக்குள் புஞ்சையோ வைத்துக்கொண்டு தானே பாடுபடும் 60 தாண்டிய விவசாயியின் மனுவை, ‘நிலம் இருக்கிறது’ என்று சொல்லி முதியோர் திட்டத்தில் தள்ளுபடி செய்துவிடுவார்கள். அவர் போக வேண்டிய இடம் உழவர் பாதுகாப்புத் திட்டம். விவசாயக் கூலிகளுக்கும் அதில் இடம் உண்டு. உறுப்பினர் அட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தவருக்கு மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் மேல். அதில் 1500 ரூபாய் வருகிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

தகுதி: மூன்று கேள்விகள்

வயது 60 முடிந்திருக்க வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். பிழைப்புக்கு வேறு வழியில்லாமல், தாங்குவாரும் இல்லாமல் இருக்க வேண்டும். எழுத்தில் இவ்வளவுதான். நடைமுறையில் இவை மூன்று கேள்விகளாக வரும். பட்டியலில் பெயர் இருக்கிறதா? பெயரில் என்ன சொத்து இருக்கிறது? பிள்ளை என்ன செய்கிறான்?

பட்டியல் என்பது வறுமைக்கோட்டுக்குக் கீழே வாழ்வோர் பட்டியல். ஊராட்சி அலுவலகத்திலோ, நகரமென்றால் நகராட்சி அலுவலகத்திலோ கேட்டுப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஊராட்சிச் செயலரிடம் போய்க் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். தினமும் யாராவது ஒருவர் இதைக் கேட்டு வருவதுதான் அவருடைய வேலை.

சொத்து விஷயத்தில், மனுதாரர் பெயரில் உள்ள அசையாச் சொத்தின் மதிப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. முன்பு இது 50,000 ஆக இருந்தது. இன்றைய நிலவிலையில் ஒரு சென்ட் மனைகூட எத்தனையோ ஊர்களில் இந்தக் கணக்கைத் தாண்டிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இங்கேதான் சிலர் ஒரு யோசனை சொல்வார்கள்: ‘வீட்டை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்துடுங்க, அப்புறம் பணம் வந்துடும்.’ தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். மாதம் 1200 ரூபாய்க்காகத் தலைக்கு மேல் இருக்கும் கூரையை எழுதிக் கொடுப்பது கணக்கிலேயே இடிக்கிறது. எழுதி வாங்கிய பிறகு சோறு போடாத பிள்ளைகளின் வழக்குகள் கோட்டாட்சியர் அலுவலகங்களில் நிறையவே இருக்கின்றன. ஏதோ ஒரு காரணத்துக்காக எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், ‘எங்களைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையைத் தான செட்டில்மென்ட் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இன் 23ஆம் பிரிவு, அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தையே செல்லாததாக்க வழி கொடுக்கிறது. நிபந்தனை எழுத்தில் இல்லாவிட்டால் நிரூபிப்பது பெரும்பாடு.

காகிதங்களை ஒத்துப்பார்ப்பது

தேவைப்படுபவை: ஆதார், ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், பாஸ்போர்ட் அளவு போட்டோ, கைபேசி எண். விதவை என்றால் கணவரின் இறப்புச் சான்று. மாற்றுத்திறனாளி என்றால் அடையாள அட்டை. எல்லாவற்றையும் ஒரு மேஜையில் பரப்பி வைத்துப் பாருங்கள். பெயர், வயது, முகவரி மூன்றும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கின்றனவா?

இருக்காது. ஆதாரில் ‘பாப்பாத்தியம்மாள்’, ரேஷன் அட்டையில் ‘பாப்பாத்தி’, பாஸ்புக்கில் கணவர் பெயரின் இனிஷியலோடு வேறொன்று. வாக்காளர் அட்டையில் 66 வயது, ஆதாரில் 58. ஆதார் எடுத்த காலத்தில் பிறந்த தேதிக்குச் சான்று இல்லாதவர்கள் வாய்மொழியாகச் சொன்ன வயதை வைத்து ஆண்டைப் போட்டுவிட்டார்கள். அதனால்தான் நம் ஊர்க் கிழவிகளில் பாதிப் பேருக்கு ஜனவரி 1ஆம் தேதி பிறந்தநாள். அன்றைக்குக் கூட்டத்தில் யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன வயது, இன்றைக்கு உதவித்தொகையை ஐந்தாறு வருடம் தள்ளிப்போடுகிறது.

ஆதாரில் வயது குறைவாக இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள், மனு பிறகு. பிறந்த தேதியைத் திருத்தும் வாய்ப்பு பொதுவாக ஒரே ஒரு முறைதான். அதனால் கையில் சான்று இல்லாமல் போய் அந்த வாய்ப்பை வீணாக்கிவிட வேண்டாம். பள்ளிக்கூடம் போனவர் என்றால், ஐந்தாம் வகுப்போடு நின்றிருந்தாலும், அந்தப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் இருக்கும். தலைமையாசிரியரிடம் எழுதிக் கேட்கலாம். பிறப்புப் பதிவு கிடைக்குமா என்று தாலுகா அலுவலகத்திலும் தேடிப் பார்க்கலாம். எதற்கு எந்தச் சான்று ஏற்கப்படும் என்று ஆதார் மையத்தில் பட்டியல் ஒட்டியிருப்பார்கள்; அதைப் பார்த்துவிட்டுப் பெரியவரைக் கூட்டிப் போங்கள். அவரை இரண்டு தடவை வெயிலில் அலையவிட வேண்டாம்.

பெயர் வேறுபாடு இருந்தால் ஆதாரை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதற்கு ஏற்றபடி மாற்றுவது சுலபம். வங்கியில் ஒரு கடிதமும் ஆதார் ஜெராக்ஸும் கொடுத்தால் போதும். ரேஷன் அட்டைத் திருத்தத்துக்கு இ-சேவையிலேயே விண்ணப்பிக்கலாம்.

ரேஷன் அட்டையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதுதான் அதிக மனுக்களைக் கவிழ்ப்பது. பெரியவரின் பெயர் மகனின் அட்டையில் இருந்தால், விசாரிப்பவர் கண்ணில் அவர் மகனோடு வாழ்கிறார், மகன் சோறு போடுகிறான். அம்மா பின்பக்கக் கொட்டகையில் தனியாகப் பொங்கிச் சாப்பிடுகிறார் என்பது அட்டையில் தெரியாது. உண்மையிலேயே தனி அடுப்பு என்றால், மகன் அட்டையிலிருந்து பெயரை நீக்கித் தனி அட்டைக்கு விண்ணப்பியுங்கள். வட்ட வழங்கல் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து தனிச் சமையல் நடக்கிறதா என்று பார்ப்பார்கள். உலையும் பானையும் இருந்தால் கவலை இல்லை. ஒரே சமையல், ஒரே தட்டு என்றிருக்கும் வீட்டில் பணத்துக்காக அட்டையைப் பிரிக்கச் சொல்ல மாட்டேன். தெருவில் நான்கு பேரைக் கேட்டால் தெரிந்துவிடும், மனுவும் போகும், மானமும் போகும்.

வங்கிக் கணக்கு முதியவரின் தனிப் பெயரில் இருக்கட்டும். குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு, அதாவது ஜன்தன் மாதிரியான கணக்கு, போதும். வேறு வகைக் கணக்கென்றால் சில வங்கிகளில் இருப்புக் குறைந்ததற்கு அபராதம் என்று வருகிற 1200இலும் பிடித்துவிடுவார்கள். இரண்டு மூன்று வங்கிகளில் கணக்கு இருந்தால், ஆதார் வழியாக வரும் அரசுப் பணம் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அதில்தான் போய் விழும். ‘பணமே வரவில்லை’ என்று புலம்பியவர்கள் பழைய பாஸ்புக்கைப் பதிய வைத்துப் பார்த்தால் அங்கே மாதக்கணக்கில் சேர்ந்திருக்கும்.

மனு

இ-சேவை மையங்கள் தாலுகா அலுவலகத்திலும், தொடக்கக் கூட்டுறவு வங்கிகளிலும், தனியார் கடைகளாகவும் இருக்கின்றன. முதல் தடவை போகும்போது ஆதாரை வைத்து ஒரு குடிமக்கள் கணக்கு எண் உருவாக்குவார்கள். கைபேசிக்கு ஓ.டி.பி. வரும். அதனால் கைபேசியைக் கையோடு கொண்டுபோங்கள். எண் யாருடையது என்பதில் கவனம் தேவை. பேரன் எண்ணைக் கொடுத்துவிட்டு, அவன் வேலைக்குத் திருப்பூர் போய் சிம்மை மாற்றிவிட்டால், நிராகரித்த தகவலும் தெரியாது, ஒப்புதல் வந்ததும் தெரியாது.

அப்புறம் திட்டத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்து, விவரங்களைப் போட்டு, காகிதங்களை ஸ்கேன் செய்து ஏற்றுவார்கள். எந்தத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார் என்று திரையை நீங்களே பாருங்கள். அவசரத்தில் பட்டியலில் பக்கத்து வரியை அழுத்திவிடுவது நடக்கிறது. ஓய்வூதிய மனுவுக்கான கட்டணம் 10 ரூபாய்தான். வருமானச் சான்று போன்றவற்றுக்குத்தான் 60. ஸ்கேன், பிரிண்ட் என்று தனியார் கடையில் கொஞ்சம் கூடக் கேட்பார்கள், அது போகட்டும். ஆனால் ‘ஆயிரம் கொடுங்க, நான் ஆர்டரே வாங்கித் தர்றேன்’ என்று சொல்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவரால் செய்ய முடிந்ததெல்லாம் நீங்கள் போடும் அதே மனுவைப் போடுவதுதான்.

கணினி பழக்கம் இருந்தால் இ-சேவை இணையதளத்தில் பொதுமக்கள் உள்நுழைவு வழியாக வீட்டிலிருந்தே போடலாம். எப்படிப் போட்டாலும் ஒப்புகைச் சீட்டு முக்கியம். அதில் இருக்கும் விண்ணப்ப எண்தான் இனி உங்கள் பிடி. அதைப் பாஸ்புக்கின் பின்அட்டையில் எழுதி வையுங்கள். சீட்டு தொலைந்தாலும் எண் இருக்கும்.

வாசலில் நடக்கும் விசாரணை

மனு முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் (வி.ஏ.ஓ.) போகும். அவர் பரிந்துரைத்தால் வருவாய் ஆய்வாளர், அவரிடமிருந்து சமூகப் பாதுகாப்புத் திட்ட தனி வட்டாட்சியர். உத்தரவு போடுவது தனி வட்டாட்சியர்தான். பொதுவாகத் தாலுகா அலுவலக வளாகத்திலேயே அவருக்குத் தனிப் பிரிவு இருக்கும். ஆனால் அவர் மேஜைக்கு வருவது வி.ஏ.ஓ. எழுதியனுப்பிய நாலு வரி. அந்த நாலு வரி பெரும்பாலும் உங்கள் வீட்டு வாசலில் உருவாகிறது.

மனு போட்ட சில நாட்களில், யாரும் கூப்பிடாவிட்டாலும், நீங்களே கிராம நிர்வாக அலுவலகம் போய், ‘ஐயா, இன்ன எண்ணில் எங்க பாட்டிக்கு ஓ.ஏ.பி. மனு போட்டிருக்கோம்’ என்று சொல்லிக் காகிதங்களின் நகலைக் கொடுத்துவிட்டு வாருங்கள். வி.ஏ.ஓ. ஒருவர் இரண்டு மூன்று கிராமங்களைப் பார்த்துக்கொள்வார். எந்தக் கிழமை உங்கள் ஊரில் உட்காருவார் என்பதைத் தலையாரியிடம் கேட்டால் சொல்வார்.

இனி சொல்லப்போவதை எந்தப் படிவத்திலும் பார்க்க முடியாது. நம் பெரியவர்களுக்கு வெளியாள் முன்னால் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனம் வராது. அதிகாரி வந்து ‘மகன் பாத்துக்கிறாரா?’ என்று கேட்டால், மூன்று வருடமாக எட்டிப் பார்க்காத மகனைப் பற்றியும், ‘எம்புள்ளைக்கு என்னங்க, என்னை ராசாத்தி மாதிரி வச்சிருக்கான்’ என்பார் அந்த அம்மா. பக்கத்தில் நிற்கும் மருமகள் காதில் விழட்டும் என்றும் இருக்கும், கௌரவம் என்றும் இருக்கும். அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டு போவார்: மகன் பராமரிப்பில் உள்ளார், தகுதியில்லை. தப்பு அவர்மேல் இல்லை.

ஆகவே முந்தின நாளே உட்கார்ந்து பேசுங்கள். பொய் சொல்லச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். உள்ளதைச் சொல்லப் பழக்குங்கள். மகன் எங்கே இருக்கிறான், கடைசியாக எப்போது பணம் அனுப்பினான், மருந்துக்கு யார் கொடுக்கிறார்கள், சாப்பாடு எங்கிருந்து வருகிறது, இவ்வளவுதான் கேள்வி. ‘மகன் இருக்கான், கூலி வேலை, அவன் குடும்பத்துக்கே பத்தலை, எனக்கு ஒண்ணும் தர்றதில்லை’ என்று சொல்வதில் மகனுக்கும் அவமானம் இல்லை. காது கேட்காதவர், மறதி உள்ளவர் என்றால் கூட யாராவது இருப்பது அவசியம். நூறு நாள் வேலைக்குப் போகிறாரா என்று கேட்டால் அதையும் மறைக்க வேண்டாம். வேலை அட்டை விவரம் அவர்களிடமே இருக்கிறது.

காத்திருப்பும் தள்ளுபடியும்

எல்லாம் சரியாக இருந்தும் உத்தரவு வராமல் இழுக்கலாம். எத்தனை பேருக்கு என்பதற்கு ஒதுக்கீடு இருக்கிறது. இடம் காலியாகும்வரை தகுதியானவரின் பெயரும் காத்திருப்புப் பட்டியலில் நிற்கும். இறந்தவர்களின் பெயரை நீக்கும்போதுதான் புதியவருக்கு இடம் வருகிறது என்பது கேட்கச் சங்கடமான உண்மை. விண்ணப்ப எண்ணை வைத்து இணையத்தில் நிலையைப் பாருங்கள். யாரிடம் நிற்கிறது என்று அதில் தெரியும். வி.ஏ.ஓ.விடம் நின்றால் தாலுகா அலுவலகத்தில் போய்ச் சத்தம் போட்டுப் பயனில்லை.

தள்ளுபடி செய்திருந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக ‘ஆகாதுன்னுட்டாங்க’ என்பதை வைத்துக்கொண்டு எதையும் செய்ய முடியாது. வயது காரணம் என்றால் சான்றைத் திருத்திவிட்டுப் புது மனு. ரேஷன் அட்டை காரணம் என்றாலும் அப்படித்தான். ‘மகன் இருக்கிறார்’ என்பதோ ‘சொத்து உள்ளது’ என்பதோ காரணமாக இருந்து, அது உண்மை நிலைக்கு மாறானது என்றால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். சொத்து இல்லை என்பதற்கு வில்லங்கச் சான்று, பட்டா நகல் போன்றவற்றை இணைத்தால் மனுவுக்கு எடை கூடும்.

அதற்கு மேல், திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. அங்கே கொடுக்கும் மனு மறுபடியும் அதே தாலுகாவுக்குத்தான் திரும்பி வரும், ஆனால் பதில் சொல்லியாக வேண்டிய மனுவாக வரும், அதுதான் வித்தியாசம். வருடம் ஒரு முறை ஊர்க் கணக்குகளைச் சரிபார்க்கத் தாலுகாவில் நடக்கும் ஜமாபந்தியிலும் கொடுக்கலாம். அந்த நேரத்தில் ஊர்க் கணக்குகள் எல்லாம் மேஜையில் இருக்கும், வி.ஏ.ஓ.வும் அங்கேயே இருப்பார். 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணில் புகார் பதியலாம்.

எதற்கும் அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். தாலுகா அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, விரைவுத் தபாலில் ஒரு பக்கம் எழுதினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர் அதற்கான சான்றின் நகலை வைத்தால் அந்தக் கட்டணமும் வேண்டாம். என் மனுமீது எடுத்த நடவடிக்கை என்ன, காத்திருப்புப் பட்டியலில் என் வரிசை எண் என்ன என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். நான் பார்த்தவரை, இந்தக் கடிதம் போன பிறகு கோப்பு தானாக நகர்வதும் உண்டு. கோபத்தில் யாரையாவது குற்றம் சாட்டி எழுதினால் மட்டும் எந்தப் பயனும் இருக்காது.

பணம் கைக்கு வருவது

முன்பு தபால்காரர் மணியார்டராகக் கொண்டுவந்து கொடுத்தார். இப்போது வங்கி. பல ஊர்களில் வங்கித் தொடர்பாளர் ஒரு கைக்கருவியோடு வந்து, விரல் ரேகை வைக்கச் சொல்லிப் பணம் கொடுப்பார். காலமெல்லாம் களை பறித்துப் பாத்திரம் தேய்த்த கைகளில் ரேகை எங்கே இருக்கிறது? ‘ரேகை விழலை, நாளைக்கு வா’ என்பதுதான் மாதாமாதம் கேட்கிற பேச்சு. கையை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்து, வேறு விரல்களையும் வைத்துப் பாருங்கள். அப்படியும் விழாவிட்டால் ஆதார் மையத்தில் கைரேகையையும் கருவிழியையும் புதுப்பிக்க வேண்டும். எப்படியிருந்தாலும், ரேகை விழவில்லை என்பதற்காகப் பணம் இல்லை என்று ஆகாது. கிளைக்கே போய்ப் பாஸ்புக்கைக் காட்டி எடுக்கலாம். கருவியில் எடுத்தால் எவ்வளவு எடுத்தது என்ற சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 1200க்கு ரேகை வைக்கச் சொல்லி 1100 கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ‘செலவுக்கு’ என்று எதையும் பிடித்துக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை.

வங்கிக்கு வரவே முடியாதவருக்கும் வழி இருக்கிறது. 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து பணம் தருவது போன்ற சேவைகளைச் செய்ய வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2017இல் அறிவுறுத்தியது. கையெழுத்துப் போட முடியாதவரிடம் கைநாட்டோ, அதுவும் முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகையோ வாங்கி, இரண்டு சாட்சிகளோடு பணம் கொடுக்கலாம். ஒரு சாட்சி வங்கியின் பொறுப்பான அலுவலராக இருக்க வேண்டும். இதையெல்லாம் கவுன்ட்டரில் சொன்னால் முழிப்பார்கள். நேராக மேலாளரைப் பார்த்து, எழுத்தில் கேளுங்கள். ஆட்டோவில் படுக்க வைத்து வங்கிக்குத் தூக்கிவரும் காட்சியை இன்னும் பார்க்க வேண்டியிருப்பது, இது தெரியாததால்தான்.

படுக்கையில் இருப்பவர் என்றால்

எழுந்து நடமாட முடியாதவருக்கு 1200ஐ மட்டும் நம்பி இருக்க வேண்டாம். பக்கவாதம், நடுக்குவாதம், தண்டுவடக் காயம் போன்றவற்றால் முடங்கியவருக்கு முதலில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குப் போங்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று மருத்துவக் குழு சான்று கொடுத்தால் வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு வழி திறக்கும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கு மாற்றுத்திறனாளிகள் நலத் துறையே மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. பார்க்கின்சன் என்கிற நடுக்குவாத நோயாளிகளும் அதில் வருவார்கள். மனு கொடுக்குமிடம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். ஏற்கெனவே முதியோர் பணம் வாங்குபவர் இதற்கு மாறினால் பழையது நிற்கும். அதனால் இது கையில் கிடைக்கும்வரை அதை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும். இயன்முறைப் பயிற்சி, வலி தணிப்புச் சிகிச்சைக்கும் ஆள் வருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும். மாதம் மருந்துக்குச் செலவாகும் பணம் மிச்சமானால் அதுவும் வருமானம்தான்.

அடிக்கடி கேட்கப்படும் இரண்டு விஷயம்

‘மாமியாருக்கு முதியோர் பணம் வந்தா, எனக்கு வர்ற ஆயிரம் நின்னுடுமா?’ கலைஞர் மகளிர் உரிமைத் தொகை வந்த 2023 முதல் பல வீடுகளில் பெரியவருக்கு மனு போடவிடாமல் தடுப்பது இந்தப் பயம்தான். ஒரே பெண் இரண்டையும் வாங்க முடியாது, அவ்வளவே. வீட்டில் ஒருவர் முதியோர் ஓய்வூதியம் வாங்குகிறார் என்பதற்காக அதே குடும்பத்தின் இன்னொரு பெண்ணுக்கு உரிமைத் தொகை மறுக்கப்படாது என்று திட்டம் தொடங்கும் முன்பே அரசு தளர்த்திவிட்டது.

இன்னொன்று, வசதியான பிள்ளைகள் இருந்தும் கைவிடப்பட்டவர்கள். இவர்களுக்கு உதவித்தொகை கிடைப்பது கஷ்டம். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி பிள்ளைகளிடமே ஜீவனாம்சம் கேட்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலே ஏற்பார்கள், வக்கீல் தேவையில்லை, 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. பிள்ளைமேல் கேஸா என்று பெரியவர்கள் தயங்குவார்கள். அவர்களிடம் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் கொடுங்கள். முதலில் பேசிப் பார்க்கட்டும், முடிவு அவர்களுடையது.

உத்தரவு வந்து பணம் வரத் தொடங்கிய பிறகு ரேஷன் கடையிலும் அங்கன்வாடியிலும் ஒரு வார்த்தை கேளுங்கள். உதவித்தொகை வாங்குபவர்களுக்கு மதியச் சாப்பாடும், அங்கே சாப்பிடாதவர்களுக்கு மாதம் 4 கிலோ அரிசியும், பண்டிகைக்கு வேட்டி சேலையும் உண்டு. மகள் ஊருக்குக் குடிபோனால் முகவரி மாற்றத்தைத் தாலுகாவில் எழுதிக் கொடுங்கள்; விசாரணைக்கு வரும்போது ஆள் இல்லை என்று பெயரை நீக்கிவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெரியவர் காலமாகிவிட்டால் இறப்பை வி.ஏ.ஓ.விடம் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு கணக்கில் விழும் தொகையைத் தொடாதீர்கள்; திருப்பிக் கட்டச் சொல்வார்கள். இறந்தவர் கணவராக இருந்து, மனைவிக்கு இன்னும் 60 ஆகவில்லை என்றால், இறப்புச் சான்று கைக்கு வந்ததுமே விதவை ஓய்வூதிய மனுவைப் போட்டுவிடலாம்.